பழைய காருக்கு வாக்ஸ் போடும் முன்: பெயிண்ட்டைத் தொட்டுப் பார்ப்பதிலிருந்து கடைசித் துடைப்பு வரை

சித்தப்பாவின் மாருதி 800 சிவப்பு, 1997 மாடல். பெங்களூரு அல்சூரில் ஒரு சந்துக்குள் புங்க மரத்தடியில் நிற்கும். சிவப்பு என்பது ஆர்சி புத்தகத்தில்தான் மிச்சமிருந்தது. பானெட்டும் மேற்கூரையும் ரோஸ் நிறத்துக்கு வெளுத்துப் போய், கையால் தடவினால் சுண்ணாம்புச் சுவரைத் தடவியதுபோல மாவு விரலில் ஒட்டியது. "இனிமே பெயிண்ட் அடிச்சாத்தான்டா ஆகும். எவ்வளவு கேக்குறாங்கன்னு விசாரிச்சு வை" என்றார்.

நான் ஒரு பனியன் துணியில் கொஞ்சம் பாலிஷ் தொட்டு, டிக்கி மூடியின் ஓரத்தில் உள்ளங்கை அகலத்துக்கு மட்டும் மெதுவாகத் தேய்த்தேன். துணி முழுக்க ரோஸ். இன்னொரு துணியால் துடைத்துவிட்டுத் தள்ளி நின்று பார்த்தால், அந்த உள்ளங்கை இடத்தில் மட்டும் பழைய சிவப்பு, ஈரம் காயாத மாதிரி. சித்தப்பா கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியில் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் குனிந்து பார்த்தார். பெயிண்ட் அடிக்கிற பேச்சு அன்றோடு நின்றது.

பெங்களூரில் பத்து, பதினைந்து, இருபத்தைந்து வருட வண்டியை இன்னும் பிரியத்தோடு வைத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். சனி, ஞாயிறு இரண்டு நாள் காலையும் கொஞ்சம் பொறுமையும் போதும். ஆனால் ஒரு விஷயம் மனசில் நன்றாகப் பதிந்தபிறகுதான் துணியைக் கையில் எடுக்க வேண்டும்.

பாலிஷ் வேறு, வாக்ஸ் வேறு

நம் கடைகளில் இரண்டையும் சேர்த்து "வாக்ஸ் பாலிஷ்" என்றே சொல்லிவிடுகிறார்கள். குழப்பமெல்லாம் அங்கேதான் தொடங்குகிறது. பாலிஷ், அதைவிடக் கடுமையான காம்பவுண்ட் இரண்டிலும் கண்ணுக்குத் தெரியாத அரைக்கும் துகள்கள் இருக்கின்றன. அவை பெயிண்ட்டின் மேல்தோலைக் கொஞ்சம் சீவி எடுப்பதால்தான் கீறல் மறைகிறது, பளபளப்பு வருகிறது. வாக்ஸ் எதையும் எடுப்பதில்லை, மேலே ஒரு மெல்லிய படலமாக உட்கார்ந்துகொள்கிறது.

சந்தனக் கட்டையை நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு தடவை கல்லில் இழைக்கும்போதும் மணம் வருகிறது, கட்டையும் கொஞ்சம் குறைகிறது. பாலிஷும் அப்படித்தான். வருடத்துக்கு மூன்று தடவை பாலிஷ் போட்டால் வண்டி நன்றாக இருக்கும் என்று கடைக்காரர் சொன்னால், கட்டையை யார் வாங்கித் தரப்போகிறார் என்று கேளுங்கள். வாக்ஸ் எத்தனை தடவை வேண்டுமானாலும் போடலாம். பாலிஷ், வண்டியின் ஆயுளில் எண்ணிச் சில தடவைதான்.

முதலில், எந்த வகைப் பெயிண்ட்?

பழைய சாலிட் கலர் வண்டிகளில், குறிப்பாக வெள்ளை, சிவப்பு, கிரீம் நிற மாருதி 800, அம்பாசடர், பத்மினி போன்றவற்றில், நிறமும் பளபளப்பும் ஒரே படலத்தில் இருப்பதை அதிகம் பார்க்கலாம். இதை ஒற்றை அடுக்கு என்று வைத்துக்கொள்வோம். பின்னால் வந்தவற்றில், மெட்டாலிக் நிறங்களில் பெரும்பாலும், நிறத்துக்கு மேல் நிறமில்லாத கிளியர் என்ற தனி அடுக்கு இருக்கும்.

எது என்று கண்டுபிடிக்கச் சித்தப்பா வண்டியில் செய்த சோதனையே போதும். மறைவான ஓர் இடத்தில் லேசான பாலிஷைத் தேய்த்துப் பாருங்கள். துணியில் வண்டியின் நிறம் ஏறினால் ஒற்றை அடுக்கு, ஏறாவிட்டால் கிளியர். வெள்ளை வண்டி என்றால் கறுப்புத் துணியை எடுங்கள். வெள்ளை நிறப் பாலிஷ் இங்கே ஏமாற்றிவிடும், நிறமுள்ள பாலிஷாகப் பார்த்து வாங்குங்கள்.

ஒவ்வொரு டோரிலும், ஃபெண்டரிலும் தனித்தனியாக இந்தச் சோதனையைச் செய்ய வேண்டும். இருபது வருடம் பெங்களூரு டிராஃபிக்கில் ஓடிய வண்டி எங்கேயாவது இடி வாங்கி, டிங்கரிங் பார்த்து, டச்சப் ஆகியிருக்கும். சாலையோர பெயிண்ட் ஷெட்டில் அவசரத்துக்கு அடித்த என்சி (நைட்ரோசெல்லுலோஸ்) பெயிண்ட் மெல்லியது, மென்மையானது. கம்பெனிப் பெயிண்ட்டைத் தேய்க்கிற மாதிரி அதைத் தேய்த்தால் பிரைமர் வரை போய்விடும்.

எவ்வளவு மிச்சம் இருக்கிறது?

கம்பெனியில் அடித்த பெயிண்ட், எல்லா அடுக்கும் சேர்த்து, பொதுவாக 100 முதல் 150 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). அதில் கிளியரின் பங்கு 35 முதல் 50 மைக்ரான். நம் தலைமுடியின் தடிமன் ஏறக்குறைய 70 மைக்ரான் என்றால், வண்டியைக் காப்பாற்றும் கிளியர் ஒரு முடி அளவுகூட இல்லை. வெயிலின் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் பொருளும் அதற்குள்தான் இருக்கிறது. அதில் பெரும் பகுதியைச் சீவிவிட்டால் வண்டி அன்றைக்கு மின்னும், இரண்டு மூன்று வருடத்தில் மேற்கூரை தோல் உரியும்.

பெயிண்ட் தடிமன் பார்க்கும் சின்ன மீட்டர் கிடைக்கிறது. வண்டியை மெருகேற்றும் விவரமான டீட்டெயிலிங் கடைக்காரர் வைத்திருப்பார், கேட்டால் வைத்துப் பார்க்க விடுவார். 90, 110 என்று காட்டினால் பழைய பெயிண்ட். 200-க்கு மேல் போனால் மறுபடி அடித்தது. 500, 800 என்று ஓடினால் உள்ளே பள்ளத்தை நிரப்பிய பட்டி இருக்கிறது. 70, 80 என்று இறங்கியிருந்தால் ஏற்கெனவே யாரோ நன்றாகத் தேய்த்திருக்கிறார்கள். அந்த இடத்தில் வாக்ஸ் மட்டும் போட்டு நிறுத்திக்கொள்ளுங்கள்.

மீட்டர் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. பானெட்டின் மடிப்புக் கோடுகள், டோர் விளிம்புகள், சக்கரத்துக்கு மேல் வளைவு ஆகிய இடங்களில் பெயிண்ட் எப்போதும் மெல்லியதாகவே இருக்கும். இதை நான் காசு கொடுத்துக் கற்றுக்கொண்டேன். என் 2008 கறுப்பு ஸ்விஃப்ட்டை ஒரு கடையில் பஃபிங்குக்கு, அதாவது மெஷின் பாலிஷுக்கு, விட்டேன். வேகமாகச் சுழலும் ரோட்டரி மெஷினைப் பானெட் மடிப்பின்மேல் நேராக ஏற்றியிருக்கிறார்கள். திரும்ப வாங்கும்போது விரல் நீளத்துக்கு ஒரு மங்கல் கோடு. துடைத்தால் போகும் என்றார்கள். அது கிளியர் போன இடம், இன்றைக்கும் அப்படியேதான் இருக்கிறது. மடிப்புக்கெல்லாம் மாஸ்கிங் டேப் ஒட்டினீர்களா என்று தொடங்கும் முன்பே நான் கேட்டிருக்க வேண்டும்.

எந்தப் பாலிஷாலும் சரியாகாதவற்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மேற்கூரையிலோ பானெட்டிலோ வெள்ளைத் திட்டுகள் வந்து, ஓரம் செதில் செதிலாக உரிந்தால் கிளியர் செத்துவிட்டது. அந்தப் பகுதிக்கு மறு பெயிண்ட்தான், வேறு வழி இல்லை. கீறலில் நகத்தை ஓட்டும்போது நகம் சிக்கினாலும் விட்டுவிடுங்கள், அதை முழுசாக எடுக்கப் போனால் சுற்றியுள்ள நல்ல பெயிண்ட்டையும் இழப்பீர்கள். டச்சப் பெயிண்ட்டை நுனித் தூரிகையில் தொட்டு நிரப்பினால் துரு பிடிக்காமலாவது இருக்கும்.

கழுவுதல்: கெடுவதும் இங்கேதான், காப்பதும் இங்கேதான்

வெயில் நேரே விழும்போது கறுப்பு வண்டியில் சிலந்தி வலை மாதிரி வட்ட வட்டமாகக் கோடுகள் தெரியும். அவை சாலையில் வந்தவை அல்ல. தினமும் காலையில் ஒரே வாளித் தண்ணீரில் ஒரே துணியை முக்கி, அபார்ட்மென்டில் எட்டு வண்டியைத் துடைக்கும்போது வருபவை. துடைப்பவர்மேல் குற்றமில்லை, நாம் அவருக்குக் கொடுத்த துணி அப்படி. மெட்ரோ வேலையும் கட்டட வேலையும் நடக்கிற ஊரில் படியும் தூசியில் சிமென்டும் கருங்கல் பொடியும் கலந்திருக்கின்றன. காய்ந்த துணியால் அதைத் துடைப்பது உப்புத்தாள் போடுவதற்குச் சமம்.

எங்கள் வண்டியைத் துடைக்கும் தர்மபுரிக்காரத் தம்பியிடம் இரண்டு வாளியும் நாலு மைக்ரோஃபைபர் துணியும் கொடுத்து, "தினமும் வேண்டாம் தம்பி, வாரத்துக்கு ரெண்டு தடவை போதும், காசு அதேதான்" என்றேன். "அப்ப டெய்லி தூசியோட நிக்குமே சார்?" என்றார். நிற்கட்டும் என்றேன். சும்மா நிற்கும் தூசி பெயிண்ட்டை ஒன்றும் செய்யாது, இழுத்துத் துடைக்கும் தூசிதான் கீறும்.

தண்ணீர் விஷயத்தில் பெங்களூருக்கு இரண்டு கட்டுப்பாடு. 2024 மார்ச்சில் தண்ணீர்ப் பஞ்சம் வந்தபோது, குடிநீரில் வண்டி கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்று குடிநீர் வாரியம் அறிவித்தது. ஏறக்குறைய நூறு கிலோமீட்டர் தள்ளியிருந்து மேடேற்றிக் கொண்டுவருகிற காவேரித் தண்ணீரை ஹோஸ் பைப்பில் ஓடவிட எனக்கும் மனசு வராது. போர் தண்ணீரோ பெரும்பாலும் உப்பு. வெயிலில் காய்ந்தால் வெள்ளை வெள்ளையாய்ப் புள்ளி வைக்கும், விட்டுவைத்தால் அந்தப் புள்ளி பெயிண்ட்டுக்குள் இறங்கும். பிடித்துவைத்த மழைத்தண்ணீர் இருந்தால் அதுதான் முதல் தரம்.

இரண்டுக்கும் சேர்த்து ஒரு வழி, அலசத் தேவையில்லாத வாஷ் திரவம். பத்து லிட்டர் வாளிக்கு 40 மில்லி போலத்தான் ஆகும், அளவு பாட்டிலிலேயே போட்டிருக்கும். அதையே ஸ்பிரே பாட்டிலிலும் ஊற்றிக்கொண்டு முதலில் பேனல் முழுக்க அடித்து இரண்டு நிமிடம் ஊறவிடுங்கள். பிறகு நனைத்த மைக்ரோஃபைபரை எட்டாக மடித்து, மேலிருந்து கீழாக, ஒரே திசையில், அழுத்தாமல் இழுங்கள். ஒரு இழுப்புக்கு ஒரு பக்கம், அடுத்ததற்குத் திருப்பி மடியுங்கள். அழுக்கான துணி மறுபடியும் சுத்த வாளிக்குள் போகக் கூடாது. ஒரு கார் ஒரு வாளியில் முடியும். செம்மண் அப்பிய வண்டிக்கு மட்டும் முதலில் தண்ணீர் அடித்தே ஆக வேண்டும்.

பாலிஷ் போடப்போகிற நாளில் மட்டும் பாத்திரம் கழுவும் திரவத்தைச் சில சொட்டு விட்டு ஒரு தடவை கழுவலாம், பழைய வாக்ஸும் எண்ணெயும் போகும். வாராவாரம் அதில் கழுவினால் போட்ட வாக்ஸ் நிற்காது. மண்ணெண்ணெயோ டீசலோ தொட்டுத் துடைத்தால் பளபளப்பு வரும் என்ற பழைய வழக்கத்தை விட்டுவிடுங்கள். அந்த மினுமினுப்பு சாயங்காலத்துக்குள் தூசியை இழுத்து ஒட்டிக்கொள்ளும், கண்ணாடி ஓர ரப்பரையும் உப்ப வைக்கும்.

போர் தண்ணீர்ப் புள்ளிக்கு, வெள்ளை வினிகரும் தண்ணீரும் சமபங்கு கலந்து துணியில் நனைத்து, நிழலில், ஒரு நிமிடம் வைத்து எடுத்து உடனே அலசுங்கள். இரண்டு தடவைக்கும் போகாவிட்டால் அது உள்ளே இறங்கிவிட்டது, பாலிஷ் பார்த்துக்கொள்ளும்.

களிமண் வேலை

கழுவிக் காய்ந்த பானெட்டின்மேல் மெல்லிய பாலிதீன் பைக்குள் கையை விட்டுத் தடவிப் பாருங்கள். சொரசொரவென்று இருந்தால் அது ஒட்டிப்போன அழுக்கு: பிரேக்கிலிருந்தும் தண்டவாளத்திலிருந்தும் பறக்கும் இரும்புத் துகள், பெயிண்ட் தூறல், தார். அதன்மேல் வாக்ஸ் போடுவது அழுக்குத் தலையில் எண்ணெய் வைப்பது மாதிரி.

இந்த அழுக்கைப் பிடித்திழுக்கும் களிமண் கட்டியான கிளே பாரை நாலாகப் பிய்த்து, ஒரு துண்டைத் தட்டையாக்கி, வாஷ் திரவத்தை நிறைய அடித்து, வழுக்கவிட்டுத் தேயுங்கள். முதலில் சரசரவென்று சத்தம் கேட்கும், சத்தம் நின்றால் அந்த இடம் முடிந்தது. கிளேயில் அழுக்கு தெரிந்ததும் மடித்துப் புதுப்பக்கம் எடுங்கள். தவறிக் கீழே விழுந்தால் அந்தத் துண்டைத் தூக்கிப் போட்டுவிடுங்கள், மணல் ஒட்டியிருக்கும். நாலாகப் பிய்க்கச் சொன்னதும் அதற்காகத்தான். சுண்ணாம்பு பூத்த ஒற்றை அடுக்குப் பெயிண்ட்டில் மிகமிக லேசான கை வேண்டும்.

பாலிஷ்

காலை ஏழிலிருந்து பத்துக்குள், நிழலில். டிசம்பர், ஜனவரி மாதங்கள் இதற்கென்றே அமைந்தவை. புறங்கையைப் பானெட்டில் வைத்துப் பாருங்கள், சுட்டால் அன்றைக்கு வேண்டாம். பிளாஸ்டிக் பீடிங், கறுப்புப் பம்பர், கண்ணாடி ரப்பர், மடிப்புக் கோடுகள், விளிம்புகள் எல்லாவற்றுக்கும் மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். இந்த அரைமணி நேரத்தைச் சோம்பி விட்டுவிட்டால், கறுப்பு பிளாஸ்டிக்கில் பிடித்த வெள்ளைக் கறையைப் பழைய டூத் பிரஷ்ஷை வைத்துக்கொண்டு நாள் முழுக்கத் தேய்க்க வேண்டிவரும்.

உள்ளதிலேயே லேசான பாலிஷில் தொடங்குங்கள். அரையடிச் சதுரத்தில் சோதனை செய்து, அது போதாவிட்டால்தான் அடுத்த கடுமைக்குப் போக வேண்டும். பலரும் நேராக ரப்பிங் காம்பவுண்ட்டைத் திறக்கிறார்கள், அது பெயிண்ட் ஷெட்டில் உப்புத்தாள் கோட்டை எடுக்க உருவானது. கோடு முக்கால்வாசி போனாலே பழைய வண்டிக்குப் போதும். மிச்சக் கால்வாசிக்காக இழக்கிற பெயிண்ட் திரும்ப வராது. பற்பசையை நினைத்தே பார்க்காதீர்கள்.

கையால் செய்வதென்றால் ஃபோம் அப்ளிகேட்டரில் (பூசுவதற்கான பஞ்சு) பட்டாணி அளவு நாலு பொட்டு, ஒன்றரை அடிச் சதுரம், குறுக்கும் நெடுக்குமாக, நடுத்தர அழுத்தத்தில் இரண்டு மூன்று நிமிடம். ஒரு பானெட்டுக்கு ஒரு மணி நேரம் ஆகும். தோள் வலிக்கும், ஆனால் கையால் தேய்த்துப் பெயிண்ட்டைப் பொசுக்குவது கடினம். முதல் தடவை செய்பவருக்கு இதைத்தான் சொல்வேன்.

மெஷின் வாங்குவதென்றால் டிஏ எனப்படும் டியூயல் ஆக்‌ஷன் வகை. சுழன்றுகொண்டே தடுமாறியும் ஆடுவதால் ஒரே இடத்தில் சூடு ஏறாது. நேராகச் சுழலும் ரோட்டரி, கை தேர்ந்தவருக்கு மட்டும். மெஷினின் பின்தட்டில் மார்க்கரால் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். ஓடும்போது கோடு சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். நின்று வெறுமனே அதிர்ந்தால் அழுத்தம் அதிகம் என்று அர்த்தம். வேகம் ஆறில் நாலு அல்லது ஐந்து, கை நகர்வது நொடிக்கு ஓர் அங்குலம், ஒரு சதுரத்துக்கு நாலு முதல் ஆறு ஓட்டம். பம்பர் பிளாஸ்டிக், சூட்டைக் கடத்தாது, அங்கே வேகத்தைக் குறையுங்கள். ஒவ்வொரு சதுரம் முடிந்ததும் மெஷினில் மாட்டிய ஃபோம் பேடை பிரஷ்ஷால் சுத்தம் செய்யுங்கள், அடைத்துக்கொண்ட பேடு அரைக்காது, கீறும். பேடுக்கும் மற்ற சாமான்களுக்கும் ஜே.சி. ரோட்டில் ஒரு நடை நடந்தால் நாலைந்து கடையில் கைப்பட்டுப் பார்த்து வாங்கலாம்.

ஒற்றை அடுக்குப் பெயிண்ட் வைத்திருப்பவர்களுக்கு இங்கே தனியாக ஒரு முறை உண்டு, சித்தப்பா வண்டியைக் காப்பாற்றியது அதுதான். வெயிலும் காற்றும் பெயிண்ட்டின் பிசினைச் சிதைக்கும்போது நிறத்துகள் பிடிமானம் இழந்து மாவாக மேலே நிற்கிறது. பெங்களூரு கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேலே இருக்கிறது. காற்று குளுகுளுவென்று இருப்பதால் வெயில் உறைக்காது, புற ஊதாக் கதிர் தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கும். காய்ந்துபோன இந்தப் பெயிண்ட்டை எடுத்தவுடன் அரைத்தால் நிறைய உதிர்ந்துவிடும். முதலில் எண்ணெய் ஊற்றி ஊறவிட வேண்டும்.

அதற்கு எண்ணெய்ச் சத்து மிகுந்த கிளேஸ் என்ற வகைப் பாலிஷ் வேண்டும். மெகுவியர்ஸ் நம்பர் 7 அந்த வகையில் பலரும் அறிந்தது. சனிக்கிழமை சாயங்காலம், தடித்த பருத்தித் துவாலைத் துண்டில் தாராளமாக எடுத்துப் பானெட்டில் கனமாகப் பூசி, லேசாகத் தேய்த்து, துடைக்காமல் இரவு முழுக்க அப்படியே விடுங்கள். சித்தப்பா வீட்டில் சித்தி பழைய வேட்டியைக் கொண்டுவந்து மேலே போர்த்தினார், தூசி விழக் கூடாதென்று. காலையில் பார்த்தால் சில இடத்தில் எண்ணெய் முழுக்க இறங்கி வறண்டிருந்தது, மேற்கூரை நடுவில் முக்கியமாக. அங்கே மட்டும் மறுபடி பூசி இன்னும் சில மணி நேரம் விட்டோம். பிறகு அதையே சுத்தத் துணியால் தேய்த்துத் துடைக்கத் துடைக்க, ரோஸ் மாவெல்லாம் துணியில் ஏறி, சிவப்பு கீழேயிருந்து எழுந்து வந்தது. பதினோரு துணி. அதற்கப்புறம் லேசான பாலிஷ் கையால் ஒரே ஒரு சுற்று.

எந்த வாக்ஸ்?

கர்னாபா என்று எழுதிய டப்பாக்களை நிறையப் பார்ப்பீர்கள். பிரேசிலின் வடகிழக்கில் வளரும் ஒரு பனை வகையின் ஓலையில் படியும் மெழுகு அது. வறண்ட காற்றில் ஓலை தன் ஈரத்தைக் காத்துக்கொள்ள ஏற்படுத்திக்கொண்ட பூச்சு. சுமார் 82 முதல் 86 டிகிரியில்தான் உருகும், தனியாக எடுத்தால் கல் மாதிரி இருக்கும், பூசவே முடியாது. ஆகவே டப்பாவில் இருப்பது எப்போதும் கரைப்பானும் மென்மையான மற்ற மெழுகுகளும் எண்ணெயும் கலந்ததுதான். "நூறு சதவீதம்" என்று எழுதியிருந்தாலும் பெட்டி முழுக்கக் கர்னாபா என்று அதற்குப் பொருளில்லை.

கர்னாபாவின் அழகு, நிறத்துக்கு ஓர் ஆழமும் கதகதப்பும் கொடுப்பது. சிவப்பு, கறுப்பு, மெரூன், கரும்பச்சை ஒற்றை அடுக்கு வண்டிகளுக்கு எதுவும் இதற்கு ஈடில்லை. குறை, ஆயுள். வெயிலில் நிற்கும் வண்டியில் ஆறு முதல் எட்டு வாரம், மழைக்காலத்தில் இன்னும் குறைவு.

சிந்தெடிக் சீலன்ட் என்பது ஆலையில் செய்த பாலிமர். நாலு முதல் ஆறு மாதம் தாங்கும். வெள்ளை, சில்வர், வெளிர் மெட்டாலிக் நிறங்களில் கர்னாபாவின் ஆழம் கண்ணுக்கே தெரியாது. அங்கே சீலன்ட்தான் பொருத்தம், கண்ணாடி மாதிரி கூர்மையான மினுமினுப்பு வரும். தெருவில் நிற்கும் வண்டி, நேரம் கிடைக்காத ஆள் என்றால் நிறம் எதுவானாலும் சீலன்ட்டே போடுங்கள். ஜூனுக்கு முன் சீலன்ட், மழை ஓய்ந்து டிசம்பரில் கர்னாபா என்று மாற்றி மாற்றிப் போடுவது என் வழக்கம்.

கிளீனர் வாக்ஸ் என்று ஒரு வகை உண்டு. அதில் லேசாக அரைக்கும் துகளும் வாக்ஸும் சேர்ந்தே இருக்கும். ஒரே வேலையாக முடிக்க நினைக்கும் லேசாக மங்கிய வண்டிக்குச் சரி. ஆனால் இரண்டு மாதத்துக்கொரு தடவை அதையே போட்டால், வாக்ஸ் போடுகிறோம் என்று நினைத்துக்கொண்டு பாலிஷ் போடுகிறீர்கள். டப்பாவின் பின்புறத்தைப் படியுங்கள். கீறலை நீக்கும், மங்கலை எடுக்கும் என்றிருந்தால் அதில் துகள் இருக்கிறது.

பெயிண்ட்டின்மேல் கெட்டியாக இறுகிவிடும் செராமிக் கோட்டிங்கைப் பழைய வண்டிக்கு நான் சொல்ல மாட்டேன். நல்ல பெயிண்ட்டின்மேல் நல்ல கை போட்டால் வருடக்கணக்கில் நிற்கும், உண்மை. ஆனால் அடியில் உள்ள குறையை அப்படியே பூட்டி வைக்கும், பிடிக்காவிட்டால் அரைத்துத்தான் எடுக்க வேண்டும். போடும் முன் கடையில் செய்கிற கனமான பாலிஷ், ஏற்கெனவே மெலிந்த பெயிண்ட்டில் கைவைக்கும். அந்தப் பணத்தில் பத்து வருடத்துக்கான வாக்ஸ் வாங்கலாம்.

பேஸ்ட்டா லிக்விடா என்பது பூசும் சௌகரியம் மட்டும், பாதுகாப்பில் பெரிய வித்தியாசம் இல்லை. புதிதாகப் பெயிண்ட் அடித்த பேனல் இருந்தால், உள்ளே இருக்கும் கரைப்பான் வெளியேற 30 முதல் 90 நாள் வரை விட வேண்டும். எத்தனை நாள் என்பதைப் பெயிண்ட் அடித்தவரிடமே கேட்டு, அதற்கப்புறம் வாக்ஸ். அடுத்த மாதம் பெயிண்ட் வேலை இருக்கிறதென்றால் சிலிகான் கலந்ததை அந்தப் பக்கம் கொண்டுபோகாதீர்கள், புதுப் பெயிண்ட் குழி குழியாக விலகி நிற்கும்.

பூசுவதும் துடைப்பதும்

கிளியர் உள்ள வண்டிக்கு, பாலிஷ் எண்ணெய் போக ஐசோபிரோபைல் ஆல்கஹாலைத் தண்ணீரில் நன்றாகக் கலந்து ஒரு தடவை துடைத்தால் சீலன்ட் நன்றாகப் பிடிக்கும். ஒற்றை அடுக்குக்கு இதைச் செய்யாதீர்கள், கஷ்டப்பட்டு ஊறவைத்த எண்ணெயை நாமே எடுப்பதாகிவிடும்.

அப்ளிகேட்டரைத் தண்ணீரில் நனைத்து இறுக்கிப் பிழிந்து, வாக்ஸை ஒரு தொடு தொட்டுப் பூசுங்கள். நேர்க் கோட்டில், கோட்டின்மேல் கோடு கொஞ்சம் ஏறும்படி. கண்ணுக்கு மூடுபனி மாதிரி தெரிந்தால் சரியான அளவு. வெண்ணெய் தடவியதுபோல் தெரிந்தால் அதிகம். அதிகமாகப் போட்டதெல்லாம் துணியோடுதான் வரும், காய்ந்து இறுகித் துடைக்கவும் வராது.

எப்போது துடைப்பது? விரல் நுனியால் ஓர் இழுப்பு இழுத்துப் பாருங்கள். இழுத்த இடம் தெளிவாகத் தெரிந்தால் காய்ந்துவிட்டது, பிசுபிசுவென்று பரவினால் இன்னும் இல்லை. பெங்களூரு மழைக்கால ஈரத்தில் இரண்டு மடங்கு நேரம்கூட ஆகும். 300, 400 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் எடை) மைக்ரோஃபைபரால் துடைத்து, துணியைத் திருப்பி இன்னொரு தடவை. ஓரத் தையலில் நைலான் லேபிள் இருந்தால் முதலில் வெட்டி எடுங்கள், அதுவும் கீறும். முதல் பூச்சில் விட்டுப்போன இடத்தைப் பிடிக்க, சில மணி நேரம் கழித்து இரண்டாவது பூச்சு. மூன்றாவதால் பயனில்லை.

அதற்கப்புறம்

தண்ணீர் தெளித்தால் முத்து முத்தாக நின்று உருளும்வரை வாக்ஸ் இருக்கிறது. பாய் விரித்த மாதிரி பரவினால் அடுத்த பூச்சுக்கு நேரம். மேற்கூரையிலும் பானெட்டிலும்தான் முதலில் போகும், அங்கே மட்டும் போட்டாலும் போதும்.

புங்க மரம், தூங்குமூஞ்சி மரத்தடியில் நிறுத்தினால் கண்ணாடியெல்லாம் பிசுபிசுக்கும். மரத்தின் பால் என்று நினைக்கிறோம், பெரும்பாலும் இலையில் சாறு குடிக்கும் பூச்சிகள் கழிக்கும் இனிப்பு நீர் அது. அன்றன்றைக்குத் தண்ணீரில் போய்விடும், ஒரு வாரம் வெயிலில் காய்ந்தால் போகாது. பறவை எச்சத்துக்கு அதைவிட அவசரம். டிஷ்யூ தாளை நனைத்து எச்சத்தின்மேல் வைத்து ஐந்து நிமிடம் ஊறவிட்டு அப்படியே தூக்கி எடுங்கள், தேய்க்க வேண்டாம். டேஷ்போர்டில் ஒரு சின்ன ஸ்பிரே பாட்டிலும் துணியும் எப்போதும் இருக்கட்டும்.

ஆயுத பூஜைக்கு வண்டிக்குப் பொட்டு வைக்காமல் இருக்க முடியாது, இருக்கவும் வேண்டாம். முந்தின ஞாயிறே வாக்ஸ் போட்டுவிடுங்கள். சந்தனமும் குங்குமமும் பெயிண்ட்டில் நாள்கணக்கில் காய்ந்தால் கறை பிடிக்கும், காய்ந்ததைச் சுரண்டினால் கீறும். மறுநாளே ஈரத் துணி வைத்து ஊறவிட்டு எடுங்கள். மஞ்சள் கறை கொஞ்சம் நின்றாலும் பதற வேண்டாம், வெயில்பட்டு மங்கிவிடும். வாழைக்கன்றைக் கட்டச் செல்லோ டேப் ஒட்டாமல் நூலால் கட்டுங்கள். போன வருடம் சித்தப்பா பானெட்டில் கைவைக்கவே விடவில்லை. முன்கண்ணாடியில் மூன்று பட்டை, நம்பர் பிளேட்டில் ஒரு பொட்டு. "கண்ணாடியில வெச்சா சாமிக்குத் தெரியாதா என்ன?" என்று சித்தியிடம் சொல்லிக்கொண்டே, டயருக்கு அடியில் எலுமிச்சம்பழத்தைச் சரிபார்த்து வைத்துவிட்டுச் சாவியைப் போட்டார்.